புரோநோட்டு வழக்கில் அண்ணனை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள். தீர்ப்பு வரும் முன் என்ன செய்ய முடியும்?

சாரல்_தென்காசி (செப்டம்பர் 4, 2025)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் தென்காசி அருகே பாத்திரக் கடை வைத்திருக்கிறார். 2023 ஆகஸ்டு மாதம் தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து நான்கு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று பேச்சு. அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு வழியாகவும் கூகுள் பே வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தாழ 2,30,000 ரூபாய் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் நோட்டின் பின்புறம் ஒரு வரவுகூட எழுதப்படவில்லை. எதுவுமே வரவில்லை என்பதுபோல முழு அசலையும் வட்டியையும் கேட்டு இப்போது அவர் வழக்குப் போட்டிருக்கிறார்.

ஜூலை 28ஆம் தேதி நீதிமன்ற அமீனா வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சரக்கு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தார். அம்மா கையெழுத்துப் போட்டு சம்மனை வாங்கி, அண்ணன் திரும்பியதும் கொடுத்துவிட்டார். அண்ணன் அந்தக் காகிதத்தோடு நேராகக் கடன் கொடுத்தவரிடமே போனார். "கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம், ஆடி கழியட்டும், உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வோம், வழக்கை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னதை நம்பி, ஆகஸ்டு 18ஆம் தேதி வாய்தாவுக்கு அண்ணன் போகவில்லை. அன்றே எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள் என்பதும், செப்டம்பர் 24ஆம் தேதி எக்ஸ்பார்ட்டி சாட்சியத்துக்குப் போடப்பட்டிருக்கிறது என்பதும் நேற்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்த்துத்தான் தெரிந்தது.

தீர்ப்பு வந்த பிறகு முப்பது நாளுக்குள் மனுப் போட்டு அதை நீக்கிக்கொள்ளலாம், இப்போது அவசரப்பட வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். இனி வரும் தபால் எதையும் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். வழக்கு தோற்றுவிட்டதாகவே அண்ணன் நினைத்துக்கொண்டு கடைக்கும் சரியாகப் போவதில்லை. சட்டம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.


வழக்கறிஞர்_நெல்லை

வணக்கம். உங்கள் அண்ணன் வழக்கில் தோற்கவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்பார்ட்டி ஆக்கப்படுவது வேறு, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை பிறப்பிக்கப்படுவது வேறு. ஆகஸ்டு 18ஆம் தேதி நடந்தது முதலாவது மட்டுமே. அழைத்தபோது பிரதிவாதி வரவில்லை, ஆகவே அவர் இல்லாமலே விசாரணையைத் தொடரலாம் என்று நீதிமன்றம் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 6இன்படி குறித்துக்கொண்டிருக்கிறது. வாதி தன் நிரூபண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்து, நோட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்த பிறகுதான் தீர்ப்பு வரும். அதற்குள் உள்ளே போய்விட வேண்டும். தீர்ப்பு வரட்டும், பிறகு பார்ப்போம் என்ற உறவினரின் யோசனை, திறந்திருக்கும் வாசலை விட்டுவிட்டு மதில் ஏறிக் குதிக்கச் சொல்வதற்குச் சமம்.

அந்த வாசல் கட்டளை 9 விதி 7. அடுத்த வாய்தா அன்றோ அதற்கு முன்போ ஆஜராகி, முன்பு வராததற்கு நல்ல காரணம் காட்டினால், முதல் நாளே வந்திருந்தால் எப்படிக் கேட்கப்பட்டிருப்பாரோ அப்படியே நீதிமன்றம் அவரைக் கேட்கலாம். செலவுத்தொகை போன்ற நிபந்தனையும் விதிக்கலாம். சாட்சியம் முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்டுவிட்டால் இந்த விதி உதவாது என்று 1963இல் அர்ஜுன் சிங் எதிர் மொகிந்தர குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே 24ஆம் தேதி காலைவரை காத்திருக்காமல், இந்த வாரமே வழக்கறிஞர் ஒருவரிடம் வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து, எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கக் கோரும் இடைமனுவையும், அதற்கு ஆதரவான பிரமாணப் பத்திரத்தையும், கூடவே எதிர்வழக்குரையையும் (வழக்குரைக்கு அண்ணன் தரும் எழுத்துப்பூர்வப் பதில்) சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எதிர்வழக்குரையைக் கையில் வைத்துக்கொண்டு வருபவரிடம் நீதிமன்றம் காட்டும் பொறுமை, வெறுங்கையோடு வந்து இன்னும் ஒரு வாய்தா கேட்பவரிடம் இருக்காது. இதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தில் உண்மையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். சம்மன் வரவே இல்லை என்று எழுதும் ஆசை பலருக்கு வரும். அம்மாவின் கையெழுத்து அமீனாவின் அறிக்கையோடு நீதிமன்றத்தின் வழக்குக் கட்டிலேயே, அதாவது ஆவணத் தொகுப்பிலேயே, இருக்கிறது. பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது, அவர் உரிய நேரத்துக்குள் திரும்புவார் என்று எதிர்பார்க்க முடியாத நிலையில், அவரோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்று கட்டளை 5 விதி 15 சொல்கிறது. அண்ணனும் அதை வாங்கிப் படித்திருக்கிறார். உங்களிடம் அதைவிட நல்ல காரணம் இருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்குவதாக வாதியே சொன்னார், அதை நம்பி வரவில்லை என்பதுதான் அது. அந்தப் பேச்சுக்கு வாட்ஸ்அப் செய்தியோ, அந்த நாளில் போன அழைப்பின் பதிவோ, உடனிருந்தவரோ இருந்தால் தேதியோடு எழுதுங்கள். ஒருவேளை அந்த மனு தள்ளுபடியானாலும் அண்ணன் வெளியே நிற்க வேண்டியதில்லை; விட்டுப்போன நிலையிலிருந்து தொடர்ந்து விசாரணையில் கலந்துகொள்ளவும், வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு உரிமை உண்டு என்பது 1955இல் சங்கிராம் சிங் வழக்கிலிருந்தே நிலைபெற்ற சட்டம்.

அடுத்தது காலக்கணக்கு. சம்மன் சார்பான (முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்று கட்டளை 8 விதி 1 சொல்கிறது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. ஜூலை 28இலிருந்து எண்ணினால் 30 நாள் கடந்துவிட்டது, 90 நாள் அக்டோபர் 26இல் முடிகிறது. சாதாரண உரிமையியல் வழக்குகளில் இந்த 90 நாள் வரம்பு முற்றிலும் இறுக்கமானதல்ல, விதிவிலக்கான சூழ்நிலையில் தளர்த்தலாம் என்று 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கிலும், அதே ஆண்டு சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தளர்வை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும் வழக்காக இருந்தால் 120ஆம் நாளோடு எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நீதிமன்றத்துக்கே அதற்குமேல் நீட்டிக்க அதிகாரமில்லை.

சம்மனை எடுத்து இன்னொன்றையும் பாருங்கள். அது கட்டளை 37இன்படியான சுருக்கமுறை வழக்கு என்று குறிப்பிடப்பட்டிருந்தால் கணக்கே வேறு. அதில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும்; வாதி தீர்ப்புக்கான சம்மன் அனுப்பிய பிறகு, அது கிடைத்த 10 நாளுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு மனுச் செய்ய வேண்டும். புரோநோட்டு வழக்குகளை அந்த முறையிலும் போடலாம். ஆனால் உங்கள் வழக்கு எக்ஸ்பார்ட்டி சாட்சியத்துக்குப் போடப்பட்டிருப்பதைப் பார்த்தால் சாதாரண அசல் வழக்கு என்றே தோன்றுகிறது.

எதிர்வழக்குரையில் என்ன எழுதுவது என்பதுதான் உண்மையான வேலை. "வழக்குரையில் கூறப்பட்ட அனைத்தும் பொய், மறுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் மறுப்பதால் பயனில்லை. கட்டளை 8இன் 3, 4, 5 விதிகள் ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியே, நழுவாமல் மறுக்கச் சொல்கின்றன. மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கையெழுத்து அண்ணனுடையது என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்ற அனுமானம் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118ஆம் பிரிவின்படி வாதிக்குச் சாதகமாக எழும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வாதம் கடனே வாங்கவில்லை என்பதல்ல, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பது. ஆகவே எந்தத் தேதியில் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்று ஒவ்வொரு தொகையையும் எதிர்வழக்குரையிலேயே எழுதி, வங்கியிடம் சான்றிட்ட கணக்கு நகல் வாங்கி இணையுங்கள். வந்ததெல்லாம் வட்டிக்கே போயிற்று என்று வாதி நிச்சயம் சொல்வார். மாதம் இரண்டு ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. அந்த வட்டி நோட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறதா, வாய்ப்பேச்சு மட்டுமா, அவர் உரிமம் பெற்று வட்டித்தொழில் செய்பவரா என்பதையெல்லாம் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். மிகைவட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இதில் பொருந்துமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கூகுள் பே திரையைப் படம் எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவுக்கு இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.


முன்னாள்_சிரஸ்தார்

தம்பி, வழக்கறிஞர் ஐயா சட்டத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில நடைமுறைகளை மட்டும் சொல்கிறேன்.

சம்மனோடு வழக்குரையின் நகலும் வந்திருக்க வேண்டும். அம்மா வாங்கியது ஒற்றைத் தாள்தானா, பின்னால் தைத்த கட்டா என்று தேடிப் பாருங்கள். வழக்குரை இல்லை என்றால் வழக்கறிஞர் மூலம் நகல் மனுப் போட்டு வழக்குரையையும் நோட்டின் நகலையும் வாங்குங்கள். நோட்டின் நகலைக் கையில் வாங்கிய உடன் அண்ணனை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேதி, தொகை, வட்டி வீதம், சாட்சிகளின் பெயர் எல்லாம் அவர் கையெழுத்திட்ட அன்றே இருந்தனவா, பிற்பாடு வேறு மையில் நிரப்பப்பட்டனவா என்பதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும். பின்புறத்தையும் பாருங்கள். வரவு எதுவும் எழுதப்படவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அண்ணன் எழுதாத வரவு ஏதாவது அங்கே முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அதை நீட்டுவதற்காகப் பொய் வரவு எழுதிய கட்டுகள் என் மேசைக்கே வந்ததுண்டு. உங்கள் வழக்கில் மூன்று ஆண்டு ஆகவில்லை என்பதால் அந்தத் தேவை அவர்களுக்கு இல்லை, இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் கட்சிக்காரர் பெயர் தேடாமலே நேராக வழக்கின் நிலையைப் பார்க்கலாம். அந்தத் தளத்தில் பதிவேற்றம் சில வேளைகளில் தாமதமாகும். வழக்கு முன்தேதிக்கு எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை நீதிமன்றத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். வாய்தா அன்று வழக்கறிஞர் வருவார் என்று வீட்டில் இருக்காமல், முதல் சில வாய்தாக்களுக்காவது அண்ணனும் காலையில் வழக்கு அழைக்கும் நேரத்தில் நீதிமன்றத்தில் இருக்கட்டும்.

தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொன்னவரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். வாங்க மறுத்தால் வீட்டு வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பதிவுத் தபால் "மறுத்துவிட்டார்" என்ற குறிப்போடு திரும்பினால் சார்பானதாகவே நீதிமன்றம் அறிவிக்கலாம். மறுத்தவர் என்ற பெயர் ஒருமுறை கட்டில் ஏறிவிட்டால், பிறகு அவர் சொல்லும் எந்தக் காரணத்தையும் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாமல் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி. தாலுகா நீதிமன்ற வளாகங்களிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோர் இலவசமாக வழக்கறிஞர் பெறலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பிரதிவாதிக்கும் இந்த உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.


காவிரிக்கரை

தீர்ப்பு வந்த பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் உறவினருக்காக எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன். என் மாமனார் பெயரில் ஒரு பண வழக்கு. நாங்கள் முன்பே காலி செய்துவிட்ட பழைய வாடகை வீட்டு முகவரிக்குச் சம்மன் போயிருக்கிறது. ஆள் இல்லை என்று திரும்பியதும் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அதைச் சார்பாக ஏற்று, தீர்ப்பாணையும் வாங்கிவிட்டார்கள். தீர்ப்பாணைத் தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவில் வீட்டை ஜப்தி செய்ய அமீனா தாளோடு வந்து நின்றபோதுதான் வழக்கு ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியும்.

கட்டளை 9 விதி 13இல் மனுப் போட்டோம். காலவரம்புச் சட்டம் 123ஆம் கூறின்படி தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள் என்பதும், சம்மன் முறைப்படி சார்பாகாதபோது தீர்ப்பாணை பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் என்பதும், விளம்பரம் போன்ற மாற்றுவழிச் சார்பு அந்தக் கணக்குக்கு முறையான சார்பாகாது என்பதும் எங்கள் வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த விளக்கம் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் அண்ணன் விஷயத்தில் அது உதவாது. அவருக்குச் சம்மன் முறையாகவே வந்திருக்கிறது. ஆகவே அவருக்குத் தீர்ப்பாணை தேதியிலிருந்தே நாள் ஓடும், ஒரு நாள் கடந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரி 5ஆம் பிரிவில் தனி மனுப் போட்டு, தாமதமான காலத்துக்கு நம்பும்படி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த மனுவில் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய், அவர்கள் எதிருரை போட்டு, இரு தரப்பையும் கேட்டு உத்தரவு வருவதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. மனுப் போட்டதனாலேயே ஜப்தி நின்றுவிடவில்லை. நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது, வழக்குத் தொகையில் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் கட்டிய பிறகுதான் நிறுத்தி வைத்தார்கள். மாமனார் அந்த நாட்களில் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்ததை நான் மறக்க மாட்டேன். உங்கள் அண்ணனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை என்று படிக்கும்போது நிம்மதியாக இருக்கிறது. 24ஆம் தேதிக்கு முன்பே போய்விடச் சொல்லுங்கள்.


வழக்கறிஞர்_நெல்லை

சகோதரி சொன்னதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும் விஷயத்தில் எல்லோரும் காட்டும் தீர்ப்பு 1998இல் வந்த என்.பாலகிருஷ்ணன் எதிர் எம்.கிருஷ்ணமூர்த்தி. அதுவும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையில் தொடங்கிய தமிழ்நாட்டு வழக்குதான். 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளத்தைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று அதில் சொன்னார்கள். ஆனால் அந்த வழக்கைச் சொல்லிக்கொண்டு வந்து கைவிரிக்கப்பட்டவர்களும் ஏராளம். அக்கறையின்மையைப் போதிய காரணமாக ஏற்க முடியாது என்று 2013இல் பசவராஜ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. தெரிந்தே தீர்ப்பு வரும்வரை காத்திருந்தவருக்கு எந்த விளக்கமும் மிஞ்சாது.

பிரதிவாதி வராததாலேயே வாதி கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாது, வழக்குரையும் சான்றும் தீர்ப்புக்குப் போதுமானவையா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என 1999இல் பல்ராஜ் தனேஜா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டு யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். புரோநோட்டு வழக்கில் நோட்டும் வாதியின் வாக்குமூலமும் இருந்தால் நீதிபதி முன் வேறென்ன இருக்கும்? உங்கள் அண்ணன் அனுப்பிய 2,30,000 ரூபாயைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்?


சாரல்_தென்காசி

மிகவும் நன்றி. அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இன்று பிற்பகல் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறோம். சம்மனைப் பார்த்தோம், சாதாரண அசல் வழக்குதான், வழக்குரை நகலும் பின்னால் இருக்கிறது. அதில் நாங்கள் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னும் ஒரு சந்தேகம். நேற்றிரவு கடன் கொடுத்தவர் மறுபடியும் அழைத்து, இரண்டு லட்சம் கொடுத்தால் விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறார். வழக்காடுவதைவிட அது மேல் என்று அண்ணிக்குத் தோன்றுகிறது. நகையை வைத்துப் பணத்தைப் புரட்டிக் கொடுத்துவிட்டால், 24ஆம் தேதி நாங்கள் போக வேண்டியதில்லை அல்லவா? ஆஜராகிவிட்டால் சமாதானம் கெட்டுவிடுமோ என்றும் அவர் பயப்படுகிறார்.


வழக்கறிஞர்_நெல்லை

ஆஜராவதால் சமாதானம் கெடாது. நீதிமன்றத்தில் நிற்பவரோடுதான் எதிர்த்தரப்பு நேர்மையான தொகை பேசும். வக்காலத்தும் எதிர்வழக்குரையும் கட்டில் ஏறிய பிறகு இதே மனிதர் இரண்டு லட்சத்திலேயே நிற்பாரா என்பதையும் பொறுத்திருந்து பாருங்கள்.

பணத்தை வீட்டிலோ கடையிலோ வைத்து ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்து முடித்து, அவர் வாபஸ் வாங்குவார் என்று நீங்கள் வீட்டிலிருக்க, அவர் 24ஆம் தேதி போய் முழுத் தொகைக்கும் தீர்ப்பாணை வாங்கிவிட்டால் நிலைமை மிக மோசமாகும். தீர்ப்பாணைக்கு முன் கொடுத்த பணத்தை நிறைவேற்று நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியாது. அந்த நீதிமன்றம் தீர்ப்பாணைக்குப் பின்னால் போய் அது சரியா என்று ஆராயாது. தீர்ப்பாணைக்குப் பிறகு கொடுத்தாலும், கட்டளை 21 விதி 2இன்படி நீதிமன்றத்தில் பதிவு செய்யப்படாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கடன்பட்டவர் அதைப் பதிவு செய்யக் கோருவதற்கு 30 நாள்தான் அவகாசம். இதனால் ஒரே கடனை இரண்டு முறை கட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்து கொடுக்க முடிந்தது மிகக் குறைவு.

சமாதானம் செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். முதலில் எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கும் மனுவையும் எதிர்வழக்குரையையும் போட்டுவிடுங்கள். பிறகு பேச்சு முடிந்தால், கட்டளை 23 விதி 3இன்படி இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவை எழுதி, நீதிபதி முன் தாக்கல் செய்து பதிவு செய்யுங்கள். அல்லது வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி அங்கே முடியுங்கள். அங்கே வரும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால், அவரையும் அதற்கு இணங்க வைப்பது எளிது. எந்த வழியானாலும் தொகையை அன்று நீதிமன்றத்தில் வைத்து வரைவோலையாகவோ, வங்கி மாற்றலாகவோ கொடுங்கள். அசல் நோட்டு கட்டில் இருக்கிறது என்பதால், வழக்கு முடிந்த பிறகு அதைத் திரும்பப் பெறுவது யார் என்பதையும் சமரச மனுவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பார்ட்டியை நீக்க நீதிபதி சிறு தொகையைச் செலவாகக் கட்டச் சொல்லக்கூடும். அதற்கு உத்தரவில் கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தானாகவே தள்ளுபடியாகிவிடும்படி உத்தரவு எழுதப்படுவது வழக்கம். கட்டிய ரசீதை அடுத்த வாய்தாவுக்கு முன்பே குறிப்பாணையோடு தாக்கல் செய்யும்படி உங்கள் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். இன்று பிற்பகல் போகும்போது சம்மன், வழக்குரை நகல், வங்கிக் கணக்கின் 2023 ஆகஸ்டு முதல் இன்றுவரையான விவரம், கடன் கொடுத்தவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் அண்ணனின் கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நேற்றிரவு வந்த அழைப்பையும் சொல்லுங்கள். இரண்டு லட்சத்தில் முடிக்கலாம் என்று அவர் சொன்னது செய்தியாக எழுத்தில் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.


சாரல்_தென்காசி (செப்டம்பர் 9, 2025)

எக்ஸ்பார்ட்டியை நீக்கக் கோரும் மனுவும் எதிர்வழக்குரையும் இன்று தாக்கலாகிவிட்டன. நோட்டில் வட்டி 12 விழுக்காடு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ரூபாய் என்பது வாய்ப்பேச்சு மட்டும். அதை எங்கள் வழக்கறிஞர் தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறார். வங்கிக் கிளையில் சான்றிட்ட கணக்கு நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சமரசப் பேச்சை நீதிமன்றத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கடன் கொடுத்தவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம். 24ஆம் தேதி அண்ணனோடு நானும் போகிறேன்.